பின்பக்கத்தில் பதிந்த கப்பல்

நம்ம செட்டு ஆட்கள் எல்லாரும் இப்போது ஒரே மாதிரி ஆகிவிட்டோம், கவனித்தீர்களா? முட்டி வலி, தூக்கமில்லை, கையில் எந்நேரமும் போன். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் யாராவது ஒருத்தி அந்தக் காலத்துப் படம் ஒன்றைப் போட்டு, ‘அதெல்லாம் ஒரு காலம்ப்பா’ என்று எழுதுகிறாள். உடனே நாற்பது பேர் வரிசையாக அழுகிற பொம்மை போடுகிறார்கள். கேட்டால் எல்லாருமே சின்ன வயதில் தங்கமான பிள்ளைகளாம். நாற்பது பேரில் ஒருத்திகூடக் குட்டிச்சாத்தான் இல்லையாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

போன மாதம் ஒருத்தி கேசட் படம் போட்டாள். அதற்கு என்ன பதில் போடுவது? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்ரீரங்கத்து வீட்டு பால்கனியில் போய் நின்றேன். கீழே தெருவில் ஒரே கூட்டம், ஏகாதசியோ என்னவோ. எதுவும் கண்ணில் ஏறவில்லை. அன்றைக்குப் போடாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். உங்களுக்கு என்ன வெட்டி முறிக்கிற வேலை, படியுங்கள்.

எண்பத்தஞ்சோ எண்பத்தாறோ இருக்கும். எனக்குப் பதினொரு வயது. பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். கோயில் மணிச் சத்தமும் பள்ளிவாசல் பாங்குச் சத்தமும் ஒரே ஜன்னல் வழியாக வரும் வீடு. கோயில் என்று நான் சொல்வது மாதா கோயிலை. அடுத்த வீடு என் கூட்டாளியின் வீடு. அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாளோ நானும் அதையே சொல்லுவேன். அவள் அப்பாவை அத்தா என்பாள், எனக்கும் அவர் அத்தா. அத்தாவுக்கு அண்ணன், காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தவர், எனக்கும் பெரியத்தா. அவளுக்கு மூத்தவள் எனக்கும் அக்கா. அவளுடைய அம்மாவை மட்டும் ‘மாமி’ என்பேன். வீட்டில் ஒரு அம்மா இருக்க இன்னொருவரை அம்மா என்றால் என் அம்மாவுக்கு மூக்கின்மேல் கோபம் வரும்.

அத்தா சவூதியில் இருந்தார். ஊரில் இருக்கிற மாதிரி வீடு வாசல் உள்ள இடம் இல்லை. பாலைவனத்துக்குள்ளே குழாய் போடுகிற கேம்ப். கடிதம் போனாலும் தந்தி போனாலும் டவுனில் இருக்கும் கம்பெனி ஆபீசில் கிடக்கும். லாரி போகிற அன்றைக்குத்தான் கைக்குக் கிடைக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். அப்படி ஒரு தடவை வந்தபோதுதான் கலர் டி.வி.யோடு கூட அந்தக் கறுப்புச் சாமானைக் கொண்டுவந்தார். நம் சிலேட்டு அளவுதான் இருக்கும். மேலே ரப்பர் பொத்தான்கள், அழிரப்பரை வெட்டி ஒட்டியது போல. சந்தே வந்து பார்த்தது. கால்குலேட்டர் என்றார்கள் சிலர். தட்டச்சு மெஷின் என்றார்கள் சிலர்.

“கம்ப்யூட்டரு” என்றார் அத்தா. “அக்கா படிக்கறதுக்கு. இனிமே உலகத்துல எல்லாம் இதுதான்.”

பெரியத்தா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, “இதுல வெங்காய மூட்டைய கிலோவா மாத்திச் சொல்லுமா?” என்று கேட்டார். அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து அதற்கு ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். மூட்டை எத்தனை என்று தட்டினால் கிலோ எத்தனை என்று டி.வி. திரையில் வரும். பெரியத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. மண்டிக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினார். “எங்க வூட்டுப் புள்ள!” என்று மீசையை நீவிக்கொண்டார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெரியத்தாவைப் பின்னால் நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் கிடையாது. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. எழுதியதைப் பத்திரப்படுத்த வேண்டுமென்றால் டேப் ரெக்கார்டரோடு ஒயரை மாட்டி, கேசட்டில் பதிய வேண்டும். பதிந்ததைச் சாதாரணமாகப் போட்டுக் கேட்டால் ‘கீ...’ என்று காதைக் கிழிக்கும். பல் கூசும். அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே, “அது பேசுது, நமக்குத்தான் புரியல” என்பாள்.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. மாமிக்குக் கடிதம் சரளமாகப் படிக்க வராது. அதனால் அத்தா பேசித்தான் அனுப்புவார், கேசட்டில். ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவார். முன்பக்கம் அத்தா பேசுவார். பின்பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவார். அது மாமியின் பக்கம். மாமி கேட்டு முடித்து, நாலு நாள் யோசித்து, பின்பக்கத்தில் பதில் பேசி, அடுத்து சவூதிக்குப் போகிறவரிடம் கொடுத்து அனுப்புவார். ஏ பக்கம் அத்தா, பி பக்கம் மாமி. புருஷன் பொண்டாட்டி ஒரே கேசட்டில் குடித்தனம் நடத்தினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷமாக அதில் ஒரு மாற்றமும் கிடையாது.

இப்போது கேமுக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டரோடு வந்த கேசட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. திரை நடுவே ஒரு கப்பல். ஆகாயக் கப்பல். நாலு பக்கமிருந்தும் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் வந்து அடிப்பார்கள். நாங்கள் அவர்களுக்கு வண்டு என்று பேர் வைத்திருந்தோம். வெறுமனே சுடுகிற விளையாட்டு இல்லை அது. கப்பலைச் சுற்றி நாலு தடுப்பு உண்டு: முன்னே, பின்னே, இடம், வலம். அக்கா இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துவிட்டு ‘கேடயம்’ என்றாள். எங்களுக்கு அது வாயில் நுழையவில்லை. ‘வேலி’ என்று வைத்துக்கொண்டோம். மொத்தப் பவர் நூறு. அதைத்தான் நாலு வேலிக்கும், துப்பாக்கிக்கும், கப்பல் நகர்வதற்கும் பங்கு போட வேண்டும். முன்வேலிக்குக் கூட்டினால் பின்வேலி மெலியும். வண்டுகள் லேசுப்பட்டவை இல்லை. எந்தப் பக்கம் மெலிந்ததோ அந்தப் பக்கமே வரும்.

கூட்டாளி சுடுவாள். வேலி என் பொறுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நாலு பொத்தான். “பின்னாடி பின்னாடி பின்னாடி!” என்று கத்துவாள். “இருடி, வலத்துலேர்ந்து எடுத்துக் குடுக்கறேன்!” என்று நான் கத்துவேன். சந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம். கணக்கில் முப்பத்தெட்டு மார்க் வாங்குகிறவள்தான், ஆனால் நூறைப் பிரிக்கச் சொன்னால் கண்ணிமைக்கிற நேரத்தில் பிரித்துவிடுவேன். வேறு எதிலும் நான் அவ்வளவு கெட்டிக்காரியாக இருந்ததில்லை. மொத்தம் பன்னிரண்டு கட்டம். பன்னிரண்டையும் தாண்டினால் கப்பல் ஊர் போய்ச் சேரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

அது மே மாத லீவு. அக்கா பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தாள். காலேஜில் கம்ப்யூட்டர் சேர்ந்த பாடம் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். விண்ணப்பத் தாளைக்கூட வாங்கி, பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். இதற்கு நடுவே ஒரு சம்பந்தம் வந்துவிட்டது. மாப்பிள்ளையும் சவூதிதான். லீவில் வந்திருந்தார். திரும்பிப் போவதற்குள் நிக்காஹ் முடிய வேண்டும். காலேஜா கலியாணமா என்று மாமி போன கேசட்டில் கேட்டு அனுப்பியிருந்தார். அந்த வீட்டில் எல்லாருமே அத்தாவின் பதிலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பதில் ஒரு புதன்கிழமை வந்தது. மாமியும் நாங்களும் முன்பக்கத்தைக் கேட்டோம். நலம் விசாரிப்பு, எதிர்வீட்டுத் தாத்தாவின் இருமல், கேம்ப் சாப்பாடு எல்லாம் போய், கடைசியில் சம்பந்தத்துக்கு வந்தார். “நல்ல குடும்பம். பையனோட அத்தாவ எனக்குத் தெரியும், ஒழுக்கமான மனுசன். பையனும் எங்க பக்கத்துக் கேம்ப்தான், கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது... டேப் முடியப் போகுது, மீதியப் பின்பக்கம் பேசறேன்.” அதோடு டக்கென்று நின்றது.

மாமி கேசட்டைத் திருப்பி உள்ளே போட்டார். பட்டனை அழுத்தவில்லை. “வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு பெரியத்தா வரட்டும். பெரியவங்கள வச்சிக்கிட்டுக் கேக்கறதுதான் மொற” என்றார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கேட்டேனா? கேட்டேன். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. என் நினைப்பெல்லாம் ஒன்பதாவது கட்டத்தில் இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. இரண்டு மணி முதல் நாலு மணி வரை கம்ப்யூட்டர் எங்களுக்கு. நாலு மணிக்குச் சொல்லி வைத்த மாதிரி கரண்ட் கட். அன்றைக்கு என்ன நல்ல நேரமோ, நாங்கள் பதினோராவது கட்டத்துக்குப் போய்விட்டோம். முதல் முறையாக. கப்பலில் பாதி போய்விட்டது. பின்வேலியில் ஒற்றைக் கோடுதான் மிச்சம். மணி நாலுக்குப் பத்து நிமிஷம். வெளியே வானம் உறுமியது.

“மழை வருதுடி, கொடியில துணிய எடு!” என்று மாமி கொல்லையிலிருந்து குரல் கொடுத்தார். கூட்டாளி முனகிக்கொண்டே ஓடினாள். போகும்போது, “சேவ் பண்ணிருடி, கரண்டு போயிரும்!” என்றாள்.

சேவ் பண்ணக் கேசட் வேண்டுமே. ஆட்டத்தைப் பதிவதற்கென்று வைத்திருந்த கேசட்டின் நாடாவை முந்தின வாரம்தான் மெஷின் மென்று துப்பியிருந்தது; விளையாட்டு வந்த கேசட்டில் பதிய வழியில்லை. அக்காவின் கேசட் ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் தோலை உரித்துவிடுவாள். மெஷினுக்குள் அத்தாவின் கேசட், விளையாட்டை ஏற்றிய பிறகு நாங்களே பழையபடி போட்டு வைத்தது, பின்பக்கம். பின்பக்கம் எப்போதும் காலிதானே? இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு ஓடவிட்டுப் பார்த்தேன்.

அத்தாவின் குரல் வந்தது.

“...குடும்பத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா இப்ப வேணாம். புள்ள படிக்கட்டும். காலேஜுல சேத்து விடு. மூணு வருசம் போவட்டும், அப்பறம் பாக்கலாம்னு சொல்லிரு. அண்ணன் கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லு...”

நிறுத்தினேன். பின்னால் சுற்றினேன். வேலிக்குப் பங்கு போட்டுப் பழகிய மூளை அல்லவா, கணக்குப் போட்டது: நேற்றே எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள், இனிமேல் இது எதற்கு? எப்படியும் மாமி இதன்மேல்தானே பதில் பேசப் போகிறார்? வெள்ளிக்கிழமை, பெரியத்தா, முறை... ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ரெக்கார்ட் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். கப்பல் பத்திரமாக ஏறிவிட்டது. நிறுத்தி, கேசட்டைப் பழையபடி முதலுக்குச் சுற்றி வைத்தேன். சரியாக மின்விசிறி நின்றது. கூட்டாளி துணிக்குவியலோடு வந்து, “ஆச்சா?” என்றாள். “ஆச்சு” என்றேன். எத்தனை சந்தோஷம் எனக்கு!

மறுநாள் பெரியத்தா தொழுகை முடிந்து அத்தர் வாசனையோடு வந்தார். எனக்கும் கூட்டாளிக்கும் தட்டில் சோறு போட்டிருந்தார்கள். அக்கா டைப் கிளாசுக்குப் போயிருந்தாள். அவளுடைய கலியாணப் பேச்சுக்கு அவள் எதற்கு என்று வேண்டுமென்றே அந்த நேரமாகப் பார்த்து வைத்திருந்தார்கள். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பட்டனை அழுத்தினார்.

‘கீ...’

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். பெரியத்தா காதைப் பொத்திக்கொண்டார். “நிறுத்து நிறுத்து! என்ன கருமம் இது?”

மாமி நிறுத்தி, மறுபடி போட்டார். மறுபடியும் ‘கீ...’. பெரியத்தாவே கை நீட்டி நிறுத்திவிட்டார். “ஏர்போர்ட்டுல மெஷினுக்குள்ள விட்டு எடுக்கறான்ல, அதுல அழிஞ்சு போச்சு. போன மாசம் மண்டிக்காரர் மச்சானுக்கும் இதேதான்.”

“முன்பக்கம் நல்லாத்தானே இருந்துச்சு, மச்சான்?”

“பின்பக்கம் மெஷினப் பாத்தாப்ல இருந்திருக்கும்மா.”

கூட்டாளி என் பக்கம் குனிந்து, “நம்ம கேம் சத்தம் மாதிரியே இல்ல?” என்று கிசுகிசுத்தாள்.

“போடி லூசு. அது வேற, இது வேற” என்றேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் சொன்னால் அவள் நம்புவாள்.

மாமிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கேசட்டை எடுத்து டி.வி. மேல் வைத்தார். “பெரியவ வரட்டும். அவளுக்குத்தான் இந்த மெஷின் சமாச்சாரமெல்லாம் தெரியும். கேக்கச் சொல்லுவோம்” என்றார்.

அக்கா கேட்டால் முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதோடு என் ஆட்டம் முடிந்தது. அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. விஷயம் என் அம்மா காதுக்குப் போனால் முதுகுத் தோல் மிஞ்சாது. பெரியத்தா படியிறங்கிப் போனார். மாமி அவரை வழியனுப்பப் போனார். கூட்டாளி கை கழுவப் போனாள். நான் கேசட்டை எடுத்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நேரே உய்யக்கொண்டான் வாய்க்கால். நாடாவைப் பிடித்து இழுத்து இழுத்துத் தண்ணீரில் விட்டேன். பழுப்பாக, நீளமாக, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கூட்டையும் எறிந்தேன்.

பதினொரு வயது, என்ன தெரியும் என்பீர்கள். எல்லாம் தெரியும். நான் பதிந்தது இரண்டு நிமிஷம். அது தாண்டி அந்தப் பின்பக்கம் முழுவதும் அத்தாதான் இருந்தார். பெரியத்தா மட்டும் காதைப் பொத்திக்கொண்டு இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால் அந்தக் குரல் வந்திருக்கும். அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்துதான் வாய்க்காலில் விட்டேன். அழித்தது அவசரத்தில் நடந்தது என்று எந்தச் சாமியிடமும் வாதாடுவேன். எறிந்ததற்கு என்னிடம் வாதமே இல்லை.

கேசட்டைக் காணோம் என்றதும், பெரியத்தா ரிப்பேர் கடையில் காட்ட எடுத்துப் போயிருப்பார் என்று மாமி நினைத்துக்கொண்டார். பெரியத்தாவோ மாமிதான் எங்கேயோ வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். பெரியத்தா தந்தி கொடுத்தார். தந்தியில் ஒவ்வொரு வார்த்தையாக எண்ணி எண்ணி எழுதுகிற காலம், உங்களுக்குத் தெரியாததா? கேசட் கெட்டுப்போன கதையையெல்லாம் அவர் எழுதவில்லை. ‘முடிவு உடனே தெரிவி’, அவ்வளவுதான். பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது: ‘கேசட்டில் சொன்னபடி செய்யவும்.’

“அப்பறம் என்ன?” என்றார் பெரியத்தா. “நல்ல குடும்பம், ஒழுக்கமான மனுசன்னு அவன் வாயாலயே சொல்லியிருக்கான். அதத்தான் செய்யின்னு தந்தியும் குடுத்துட்டான். ஆகவேண்டியதப் பாருங்க.”

எனக்கு அந்த நேரத்தில் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ‘படிக்க வைக்கச் சொன்னாங்க’. மூன்று வார்த்தை. தந்தி அளவுதான்.

ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணினேன். அக்கா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. பக்கத்தில் போய் நின்று, “அக்கா, அத்தா உங்கள காலேஜுல சேக்கத்தான் சொல்லியிருப்பாங்க” என்றேன்.

அவள் கை நின்றது. “ஒனக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா... தோணுச்சு.”

அவள் என் தலையில் ஈரக்கையால் தட்டி, “எனக்கும் அப்படித்தான்டி தோணுச்சு” என்றாள். திரும்பவும் அலச ஆரம்பித்தாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கொட்டியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

கலியாணம் நடந்தது. கம்ப்யூட்டர் இருந்த கூடத்தில்தான் மணப்பெண்ணை உட்காரவைத்தார்கள். கம்ப்யூட்டரைப் பழைய அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். நானும் மருதாணி வைத்துக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டு, பூவும் வைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம் சர்க்கரை திருடினேன், ஜெபத்தின்போது சிரித்தேன் என்று இரண்டு பாவத்தைச் சொன்னேன். “வேறே?” என்று கேட்டார். “அவ்வளவுதான் சாமி” என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அத்தா லீவில் வந்தார். எனக்கும் சாக்லேட் கொண்டுவந்தார். வந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரைத் தாண்டிச் சத்தம் கேட்டது.

“ஒரு பக்கம் முழுக்க மாரடிச்சிருக்கேன்டி, படிக்கப் போடு படிக்கப் போடுன்னு! காதுல என்ன வச்சிருந்த?”

“அல்லா மேல ஆணையா சொல்றேங்க, பின்பக்கம் வெறும் கீச்சுச் சத்தம்தான். மச்சானக் கேளுங்க.”

“அப்ப அந்தக் கேசட்டக் குடு. போட்டுப் பாத்துருவோம்.”

“காணோங்க.”

“காணோம்! எப்படிக் காணாப்போச்சு? கலியாணத்த முடிக்கணும்னு நீங்களா சேந்து ஒழிச்சுட்டு...”

“நீங்க நல்ல குடும்பம்னு சொன்னீங்கல்ல? எம் புள்ள கண்ணக் கசக்கறதப் பாத்துட்டு இப்ப எம் மேல போடறீங்க.”

என் அம்மா, “அடுத்த வீட்டுப் பேச்சு நமக்கெதுக்கு” என்று என்னைக் கூடத்துக்கு விரட்டினாள். நான் போய்ப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த லீவோடு அத்தா கேசட் அனுப்புவதை நிறுத்திவிட்டார். கடிதம்தான். அதுவும் பெரியத்தா பேருக்கு. யாராவது படித்துக் காட்டினால் மாமி கேட்டுக்கொள்வார். நாலு வரி இருக்கும். டேப் ரெக்கார்டரின் மேல் மாமி துணி போட்டு மூடி வைத்தார். பிறகு அத்தா ஒரேயடியாக ஊருக்கு வந்தும், இருவரும் ஒரு வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தும், தேவைக்குத்தான் பேசிக்கொண்டார்கள் என்று கூட்டாளி சொல்லக் கேட்டிருக்கிறேன். அத்தா மௌத்தாகி, கண்ணை மூடி, பத்து வருஷம் ஆகிறது. அன்றைக்கும் போய்க் கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தேன். நல்ல பிள்ளை!

அந்தக் கேசட் படத்தைப் பார்த்த மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் பாலக்கரை போனேன். கூட்டாளி மலேசியாவில் இருக்கிறாள். அக்கா புருஷன் காலமான பிறகு இங்கேயே வந்து மாமியைப் பார்த்துக்கொள்கிறாள். வாசல் கூடத்திலேயே அவளை உட்காரவைத்து, கேசட்டிலிருந்து வாய்க்கால் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வழியெல்லாம் அழக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியிலேயே அழுதுவிட்டேன்.

அக்கா கத்தவில்லை. “அத்தா என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு” என்றாள்.

சொன்னேன்.

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். அவள் உதடு கூடவே அசைந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

“என் கதைய விடு. எங்க வூட்டுக்காரரு ஒண்ணும் கெட்ட மனுசன் இல்ல, நானும் புள்ளைங்கள வளத்து ஆளாக்கிட்டேன். படிச்சிருக்கலாம். ஆமா, படிச்சிருக்கலாம்.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “எந்திரி. அம்மா உள்ளதான் இருக்காங்க. என்கிட்டச் சொன்னத அவங்ககிட்டச் சொல்லு.”

மாமிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. காது அநேகமாகப் போய்விட்டது. இடது காதுப் பக்கம் உட்கார்ந்து சொன்னேன். “யாருக்குக் கலியாணம்?” என்றார். மறுபடி சொன்னேன். “சாப்டியாம்மா?” என்றார். நாற்பது வருஷம் யார் காதிலும் விழாமல் பூட்டி வைத்திருந்ததைக் கடைசியில் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டியதாயிற்று.

“மாமி! அந்தக் கேசட்டு! பின்பக்கத்துல அத்தா பேசியிருந்தாங்க! அக்காவப் படிக்கப் போடச் சொல்லியிருந்தாங்க! நான்தான் அழிச்சேன்! நான்தான் தூக்கிப் போட்டேன்!”

ஜன்னலுக்கு வெளியே வண்டியில் கீரை விற்றவர் திரும்பிப் பார்த்தார். மாமியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மெள்ளத் திரும்பினார். என் பக்கம் இல்லை, அக்கா பக்கம்.

“அப்ப ஒங்க அத்தா பொய் சொல்லலையா?”

அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

“மௌத்தான அன்னிக்கு எல்லாரும் மாப்பு குடு, மன்னிச்சுருன்னு சொன்னாங்க. வாயால குடுத்தேன். மனசுல குடுக்கலடி.” மாமி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே இறக்கினார். “ஒளு எடுக்கணும், கைகால் மொகம் கழுவணும். தொழுவணும். தண்ணி கொண்டா.”

அக்கா எழுந்தாள். மாமி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“நீ இரு. அவ கொண்டாரட்டும்.”

நான் செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்குப் போனேன்.